மெதுவா, அக்கா

ஜமுனாமரத்தூரைத் தாண்டி, ஒரு மண்பாதை பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மேலே நடந்தோம். முன்னால் போன இளம்பெண் பிசியோதெரபிஸ்ட். தோள்பையில் முகம் பார்க்கும் கண்ணாடி, துண்டு, பிளாஸ்திரி, அவ்வளவுதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. பக்கவாதம் வந்து படுத்தவர்களுக்காகவே இவர் அதிகம் மலையேறுகிறார். அன்று பார்க்கப் போனது முகவாதம் வந்த ஒரு பெண்ணை.

“ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு பயந்துடறாங்க” என்றார், ஏறிக்கொண்டே. புருவத்தைத் தூக்கச் சொன்னால் ஓரளவு தெரிந்துவிடுமாம். நெற்றி சுருங்கி, வாய் மட்டும் கோணினால் மூளையில் கோளாறு இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். நெற்றியும் அந்தப் பக்கம் அசையாமல் நின்றால் பெரும்பாலும் முக நரம்பு. எதுவானாலும் மருத்துவர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். காதை ஒட்டி, எலும்புக்குள் குறுகலான வழியில் வரும் அந்த நரம்பு வீங்கி நசுங்குகிறது. 1821-இல் இதைப் பற்றி எழுதிய சார்லஸ் பெல்லின் பெயரால் ‘பெல்ஸ் பால்சி’ என்கிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். காத்து பட்டுவிட்டது என்று மந்திரிப்பதிலேயே அந்த மூன்று நாளும் கழிந்துவிடுவது மலையிலும் உண்டு, கீழே ஊர்களிலும் உண்டு. கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இந்த அக்காவை அவர் மகன் அன்றைக்கே பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறான். இப்போது மாத்திரை முடிந்துவிட்டது. டீ குடித்தால் ஓரமாக ஒழுகுகிறது, களி கன்னத்துக்குள் ஒதுங்கிக்கொள்கிறது என்றார். யாரோ சொன்னார்கள் என்று தினமும் பலூன் ஊதியிருக்கிறார்.

“பலூனை விட்டுடுங்கக்கா. சூயிங் கம்மும் வேணாம்.”

முக்கி ஊதினால் நல்ல பக்கம்தான் மேலும் இழுக்கும். நரம்பு திரும்ப வளரும்போது தடம் மாறிப்போவதும் உண்டு. சிரித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். எல்லாத் தசையையும் ஒரே மூச்சில் முறுக்கிப் பழகினால் அந்தக் கோளாறு இன்னும் ஊன்றிவிடும்.

வெந்நீரில் பிழிந்த துண்டைக் கன்னத்தில் சற்று நேரம் வைத்தார். பிறகு விரல் நுனியால் தாடையிலிருந்து காதை நோக்கி மெல்ல நீவிவிட்டார். கண்ணாடியை அக்காவின் கையில் கொடுத்தார். ஒரு விரலால் நல்ல பக்க உதட்டோரத்தை அமர்த்திப் பிடித்தார்; இன்னொரு விரலால் தொங்கிய ஓரத்தை ஒரு நெல் நீளம் தூக்கிவிட்டார். “இப்ப நீங்க... மெதுவா, அக்கா. பல்லு தெரிய வேணாம்.” உதடு துடித்தது. அது போதும் என்று கையை எடுத்துவிட்டார். அடுத்து ‘ப’, ‘ம’. உதடு ஒட்டாமல் ‘பாப்பா’ காற்றாகவே வந்தது. மூன்றாம் தடவை ‘மாமா’ ஏறக்குறைய சரியாக விழுந்ததும் அக்கா தலைகுனிந்துகொண்டார். தசை களைக்கும் முன் நிறுத்துகிறாரே, அந்தக் கைப்பக்குவம்தான் இந்தத் தொழில்.

“கரண்ட் வெக்க மாட்டீங்களா?” என்றான் மகன். எல்லோரும் கேட்பதுதானாம். 2011-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, மின்தூண்டலால் பயன் உண்டு என்பதற்கு ஆதாரம் காணவில்லை. முகப் பயிற்சிக்கும் அதில் கிடைத்த ஆதாரம் வலுவானதல்ல. ஆனாலும் நாள்பட்ட பாதிப்புக்கு உதவக்கூடும் என்கிறது. சிகிச்சையே தராமல் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த கோபன்ஹேகன் ஆய்வில், பெல்ஸ் பால்சி வந்தவர்களில் 71 சதவீதம் பேர் முழுதாகத் தேறினார்கள். 85 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கியது. அப்படித் தொடங்காதவர்களுக்காகத்தான் இவர் திரும்பத் திரும்ப மலையேறி வரவேண்டியிருக்கிறது. மாதங்கள் கடந்தும் அசையாவிட்டால் வேலூருக்கு அனுப்புவாராம். 1954-இல் விபத்தில் சிக்கி, சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் சிஎம்சி மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் 1966-இல் உருவானதும் அங்கேதான்.

கிளம்பும்போது, வாசலில் குவித்திருந்த சாமையைக் காட்டி அக்கா கேட்டார்: “இதப் புடைக்கலாமா?”

“கண்ணு முழுசா மூடறவரைக்கும் வேணாம்க்கா. உமி விழுந்தா தெரியாது, கருவிழி புண்ணாயிடும். பையன் புடைக்கட்டும். வெளிய போனா கண்ணாடி போடுங்க, பகல்ல சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு போட்டு இமைய ஒட்டிடுங்க.” பிளாஸ்திரியைக் கிழித்து எப்படி ஒட்டுவது என்று மகனுக்கு ஒரு தடவை காட்டினார். பிறகு அவனையே ஒட்டச் சொன்னார்.