120 டிகிரி

11ஆம் வகுப்புப் புத்தகத்தில் அதற்குப் பெயர் தொகுபயன் விசை. நாங்கள் ரிசல்டன்ட் என்றுதான் சொல்வோம்.

2019 கோடையில் சென்னையில் தண்ணி லாரி வந்தால், நானும் அக்காவும் 20 கிலோ பக்கெட்டை ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்குவோம். ஒட்டி நடந்தால் ஆளுக்குப் 10 கிலோ. ஆனால் தண்ணி காலில் சிந்துதே என்று விலகிப் போவோம். கைகளுக்கு இடையே 90 டிகிரி விரிந்தால் ஆளுக்கு 14 கிலோ. 120 டிகிரியில் ஆளுக்கு முழுசா 20. தூக்குவது ரெண்டு பேர், ரெண்டு பேருக்குமே தனியாள் பாரம்! கணக்கு எளிது: ஒவ்வொரு கையின் இழுவிசையையும் பாதிக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் மேல்நோக்கிய பங்கு, இரண்டும் சேர்ந்து 20 ஆக வேண்டும். பக்கவாட்டுப் பங்குகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். எடையைத் தூக்காது, கையை வலிக்க மட்டும் வைக்கும்.

இப்போது அப்பாவுக்கு டயாலிசிஸ், வாரம் மூன்று நாள். அப்பா சென்னையில், அக்கா மதுரையில், நான் பெங்களூரில். செலவும் முறையும் சரிபாதி என்றுதான் பேச்சு.

"பாதிதானேடா, ஏன் இவ்ளோ கனக்குது?" என்று போன வாரம் போனில் கேட்டாள். அவளிடம் போய் கொசைன் பேச முடியுமா? சென்னை ஆபீசுக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை சொல்கிறாராம் மேனேஜர்.