சுவரில் ஒரு கடல்

எங்கள் ஜில்லாவில் எல்லாம் உண்டு. கடல் மட்டும் கிடையாது. கோழிமுட்டை உண்டு, லாரி உண்டு, ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் உண்டு. ஊர் நடுவில் ஒரே கல்லாக உட்கார்ந்திருக்கும் நாமக்கல் மலை உண்டு. சந்திரனில் இறக்குவதற்காகச் செய்த வாகனத்தை முதலில் இங்கே ஓட்டிப் பார்க்கச் சந்திரனின் மண்ணைப் போன்ற மண் வேண்டும் என்று தேடிய இஸ்ரோ விஞ்ஞானிகள், சித்தம்பூண்டிக்கும் குன்னமலைக்கும் வந்துதான் பாறை எடுத்துப் போனார்கள். ஆகவே சந்திரன்கூட எங்களுக்கு ஒரு வகையில் உறவு. கடல்தான் அந்நியம்.

ஆனாலும் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கடல் இருந்தது. அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில் ராசிபுரத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்துக்கொண்ட படம் அது. அப்பா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். அம்மா பக்கத்தில் நிற்கிறாள். பின்னால் திரைச்சீலையில் தீட்டிய கடல், ஒரு தென்னை, ஒரு பாய்மரக் கப்பல். கப்பல் சரியாக அம்மாவின் காதோரம் வந்து நின்றுவிட்டதால், ஜிமிக்கிக்குப் பதிலாக அதை மாட்டிக்கொண்டிருப்பதைப் போலவே இருக்கும். சிறு வயதில் நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம், அம்மாவும் சிரிப்பாள்.

நிஜமான கடலை அம்மா பார்த்ததே இல்லை. ராமேசுவரம் போகலாம் என்றால், "மாட்டை யாரு பாக்கறது?" என்பாள். மாடுகள் போன பிறகு முழங்கால் வலி வந்து சேர்ந்தது. அப்பாவும் காலமாகி, வீட்டை இடித்துக் கட்டியபோது, புதுக் கூடத்தின் பெரிய வெள்ளைச் சுவரைப் பார்த்ததும் எனக்கு ஓர் ஆசை பிறந்தது. அம்மா கடலுக்குப் போகாவிட்டால் என்ன, கடலை இங்கே கொண்டுவந்து மாட்டிவிடலாமே!

சேலத்தில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பது ஜீவனம்; கல்லைப் போட்டோ எடுப்பது பைத்தியம். முகூர்த்தம் இல்லாத மார்கழி வந்தால் மனிதர் காமிராவைத் தூக்கிக்கொண்டு சங்ககிரிக் கோட்டைப் பக்கம் போய்விடுவார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கடல்னா மணல் வேண்டாம் சார். மணல் எங்கேயும் ஒண்ணுதான். கல்லுக் கடலாப் பார்ப்போம்" என்றார்.

அப்படித்தான் ஒரு மார்கழியில் சேலத்தில் ரயிலேறி, பாலக்காடு வழியாக மங்களூர் போய், அங்கிருந்து உடுப்பிக்கும் பக்கத்திலுள்ள மால்பே துறைக்கும் போய்ச் சேர்ந்தோம். மால்பேயிலிருந்து படகில் போனால் செயின்ட் மேரி தீவுகள். 1498-ல் வாஸ்கோ ட காமா இங்கே இறங்கிப் பெயர் வைத்தார் என்று ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். பெயர் எப்படி வந்திருந்தாலும் சரி, கல் அவருக்கு வெகு காலம் முந்தியது. சுமார் 8.8 கோடி வருஷங்களுக்கு முன்னால், ஒன்றாயிருந்த இந்தியாவும் மடகாஸ்கரும் பாகம் பிரித்துக்கொண்ட சமயத்தில், பூமி பிளந்து பொங்கிய எரிமலைக் குழம்பு ஆறி உறைந்த பாறை அது. அந்தப் பாகப்பிரிவினையின் பத்திரம் என்று சொல்லலாம்.

பாறை என்றால் உருண்டையாக, மொட்டையாக இருக்கும் என்றுதான் நம் கண் பழகியிருக்கிறது. அங்கேயோ தூண்கள்! ஐந்து பட்டை, ஆறு பட்டை, ஏழு பட்டை தீட்டிய கரிய தூண்கள் கட்டுக் கட்டாக நிற்கின்றன. சில இடங்களில் மூன்று ஆள் உயரம். எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை. குழம்பு ஆறும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது மேற்புறம் வெடிக்கிறது. உள்ளே ஆற ஆற அந்த வெடிப்பும் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. அவ்வளவுதான் ரகசியம். அலை தேய்த்த இடங்களில் தூண்களின் தலை மட்டும் தெரியும். அதன்மேல் நடப்பது தளவரிசை போட்ட முற்றத்தில் நடப்பதைப் போல இருந்தது.

சிநேகிதர் முக்காலியை நிறுத்தி வேலையை ஆரம்பித்தார். அன்று நான் தெரிந்துகொண்டது, கரும்பாறையைப் படம் பிடிப்பது கரிய குழந்தையைப் படம் பிடிப்பதைப் போலப் பக்குவம் வேண்டிய காரியம் என்பது. காமிராவின் கணக்கை அப்படியே நம்பினால் அது கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். கறுப்புக்காக ஒளியைக் குறைத்தால் பாறையின் மடிப்புகளெல்லாம் மசியில் முழுகிவிடும். நுரையோ வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறிக்கும். இரண்டையும் ஒரே தாளில் சமாதானப்படுத்தி வைக்க வேண்டும். இதற்கிடையில் உப்புச் சாரல் வந்து கண்ணாடியில் படியும். நிமிஷத்துக்கு ஒரு தரம் துடைக்க வேண்டும். அதிகாலை வெளிச்சம் கிடைத்தால் உத்தமம்; ஆனால் எங்கள் படகு வெயிலோடு போய் வெயிலோடு திரும்பும் படகு. நல்ல வேளையாக மத்தியான்னத்துக்குமேல் மேகம் போட்டது. அவர் கறுப்புக் கண்ணாடி ஒன்றை லென்ஸின்மேல் பொருத்தி, 30 செகண்டு திறந்து வைத்தார். அத்தனை நேரம் திறந்து வைத்தால் அலைகள் ஒன்றோடொன்று கலந்து பனி மூட்டமாகப் பதிந்துவிடும். பாறை மட்டும் அசையாமல் நிற்கும்.

"பார்த்தீங்களா, கடலையே தியானத்தில் உட்கார வெச்சாச்சு" என்றார்.

அவருடைய வித்தையை நான் கேலி செய்யவில்லை. கல்லுக்காக அலைந்தவர்கள் நம் பக்கத்திலேயே முன்பும் உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்து, மெழுகேற்றிய காகிதத்தில் பெரிய பெரிய நெகடிவ்கள் எடுத்தார். ராயக்கோட்டையும் அன்றைய சேலம் ஜில்லாவின் மற்ற இடங்களும் அடங்கிய அவருடைய தொகுப்பு 1858-ல் வெளிவந்தது. வானம் வெறிச்சென்று விழுந்த சில நெகடிவ்களில் அவர் மேகத்தைக் கையாலேயே தீட்டிச் சேர்த்ததும் உண்டு. ராசிபுரத்துத் திரைச்சீலைக் கடலுக்கு அவர் ஒரு வகையில் தாத்தா!

அச்சுப் போடுவது அதற்குமேல் ஒரு தனித் தபஸ். அமெரிக்காவின் ஆன்ஸல் ஆடம்ஸ் முதலில் பியானோ பயின்றவர். நெகடிவைச் சங்கீத ஸ்வரக்குறிப்புக்கும், அச்சை அதைப் பாடுவதற்கும் ஒப்பிட்டார். ஒரே கீர்த்தனையை இரண்டு வித்வான்கள் பாடினால் ஒன்றாகவா இருக்கிறது? நாங்கள் எடுத்துவந்த படங்கள் முந்நூறுக்குமேல். நாலு நாள் பார்த்து அதில் ஒன்றை நான்தான் தேர்ந்தெடுத்தேன். தூண்களின் தலைகள் படம் முழுவதும் பரந்து கிடக்கும். மேல் ஓரத்தில் மட்டும் வெண்மையாகக் கடல். பளபளப்புத் தாள் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் அதில் முகம் பார்க்கும் என்று சிநேகிதர் பருத்தித் தாளில் போடச் சொன்னார். அமிலம் கலக்காத தாள், நிறமி மசி. சீக்கிரத்தில் பழுக்காது, வெளுக்காது. அகலம் 36 அங்குலம், உயரம் 24. மூன்றாவது அச்சில்தான் கறுப்பு அவர் மனசுக்குப் பிடித்தது.

படம் கூடத்துச் சுவரில் ஏறியது. அம்மாவைக் கைபிடித்து அழைத்துவந்து நிறுத்தினேன். கண்புரை ஆபரேஷன் ஆன கண். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"நம்ம ஏரிதானே கண்ணு இது?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

2002-லும் 2003-லும் மழை பொய்த்தது. ஏரி வற்றி, சேறு காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஐந்து பட்டை, ஆறு பட்டை. அப்பா கடன் வாங்கி 800 அடி துளை போட்டார். வெறும் புழுதிதான் புகைந்தது. மாடுகள் சந்தைக்குப் போயின. கடைசி மாட்டை ஓட்டிக்கொண்டு, அப்பா அந்த வெடிப்புகளின்மேலேயே குறுக்கு வழியாக நடந்து போனதை அம்மாவும் நானும் கரைமேல் நின்று பார்த்தோம். திரும்பி வந்த அப்பா, போன அப்பா அல்ல. அப்புறம் மழை பெய்தது, ஏரி நிறைந்தது, அவர் மட்டும் நிறையவில்லை.

"அந்த வருசத்தை எதுக்குக் கண்ணு சொவத்துல மாட்டோணும்?" என்றாள் அம்மா. கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற குரல்.

நான் பதில் சொல்லவில்லை. முந்நூறு படங்களில் அலை துள்ளும் படங்கள் எத்தனையோ இருந்தன. தென்னை இருந்தது, படகு இருந்தது. அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு, அம்மாவுக்காகக் கடல் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, நான் எதைத் தேடி எடுத்திருக்கிறேன்! கலை, அழகு என்று நாலு நாள் நான் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது. எரிமலைக் குழம்பும் ஏரிச் சேறும் சுருங்கி வெடிப்பதற்கு நியதி ஒன்றுதான் என்பது எனக்குப் புஸ்தகத்தில் படித்துத் தெரியும். அம்மாவுக்குப் பார்த்தே தெரிந்துவிட்டது.

அன்றைக்கே படத்தைக் கழற்றி என் எழுத்து அறைக்குக் கொண்டுபோய்விட்டேன். கூடத்தில் பழைய ஸ்டூடியோ படம் திரும்பவும் ஏறியது. அவ்வளவு பெரிய சுவருக்கு அது சிறிசுதான். ஆனால் அந்தக் கடலில் தண்ணீர் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, அப்பா இருக்கிறார்.

பத்து நாள் கழித்துக் காப்பி கொண்டுவந்த அம்மா, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு படத்தை மறுபடியும் பார்த்தாள்.

"அந்த ஓரத்துல வெள்ளையா இருக்குதே, அது என்ன? புழுதியா?"

"இல்லையம்மா. அதுதான் கடல். ரொம்ப நேரம் திறந்து வெச்சு எடுத்ததால அலை தெரியலை."

"தண்ணியா?"

"தண்ணிதான். எப்பவும் வத்தாத தண்ணி."

அம்மா கிட்டே போய், அந்த வெள்ளையின்மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள்.

"அப்பச் சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.