மடி மாறிய பிள்ளை

முந்தல் களப்பு இறால் ஊரில் எல்லாருக்கும் உண்டு, பிள்ளை பெற்ற தாய்க்கு மட்டும் இல்லை. கிரந்தி. இறால், நண்டு, கணவாய் மூன்றும் நாற்பது நாள் கழியும்வரை அவள் கோப்பைக்கு வரக்கூடாது என்பது எங்கள் பாட்டி உம்மும்மாவின் சட்டம். அவளுக்குப் பால்சுறா, உள்ளி, மிளகு, சரக்கு அரைத்த பத்தியக் கறி. அதனால் வீட்டுக்குப் புதுப் பிள்ளை வந்த செய்தி எங்கள் நாக்குக்குத்தான் முதலில் தெரியும். உம்மாவின் பங்கையும் சேர்த்துத் தாத்தாவும் நானும் தின்போம். (எங்கள் பக்கம் தாத்தா என்றால் மூத்த சகோதரி.) தம்பி மட்டும் கோப்பையைத் தள்ளிவிட்டு, உம்மா படுத்திருந்த அறையின் சீலைத் திரையைப் பார்த்தபடி இருப்பான்.

சின்னவன் பிறந்தபோது தம்பிக்கு இரண்டு வயது முடியவில்லை. முழு இரண்டு ஆண்டு பாலூட்டலாம் என்று குர்ஆன் சொல்கிறது. அந்தக் கணக்கின்படி அவனுக்கு இன்னும் பாத்தியதை இருந்தது. ஆனால் உம்மா உண்டாகிவிட்டார் என்று தெரிந்த கிழமையே வேப்பெண்ணெய் தடவி மறக்கடித்துவிட்டார்கள். இராத்திரிப் படுக்கையும் உம்மும்மாவின் பன்பாய்க்கு மாறிவிட்டது. யாரும் அவனை அடிக்கவில்லை, ஏசவில்லை. இனி இது உன் இடமில்லை என்பதை அவனுக்குக் கசப்பால் சொன்னார்கள், அவ்வளவுதான்.

உம்மும்மாவின் பிள்ளைகள் எல்லாரும் வீட்டில், மருத்துவிச்சி கையில் பிறந்தவர்கள். எங்கள் காலத்தில் ஆஸ்பத்திரி. வடக்கே போனால் புத்தளம், தெற்கே போனால் சிலாபம், நடுவில் முந்தல். எந்தப் பக்கம் போவது என்பதை வலியெடுக்கும் நேரத்து பஸ்ஸும் ரயிலும் தீர்மானிக்கும். புத்தளம்வரை ரயில் வந்தது 1926இல். அதே வருடம்தான் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவும் தொடங்கியது. வீடு வீடாக வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கும் குடும்பநல மாதுக்களின் வரிசை அங்கிருந்து வளர்ந்ததுதான். ரயிலைப் பற்றி ஊரில் ஆயிரம் கதை சொல்வார்கள், இதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

எங்கள் ஊருக்கு வரும் குடும்பநல மாதுவை மிஸ்ஸி என்றே சொல்வோம். சிங்களப் பெண். குடையும் துணிப்பையும் தொங்கு தராசுமாக வருவார். சின்னவனை நிறுத்து, கார்டில் புள்ளி போட்டு, தொப்புளைப் பார்த்துவிட்டு, கேட்காமலே தம்பியையும் பிடித்துத் தராசில் போட்டார். அவனுடைய கார்டையும் கேட்டு வாங்கினார். மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு சில மாதமாகப் படுத்துக் கிடந்தது.

“சின்ன பபா நல்லம். இவன்தான் சரி இல்ல,” என்றார் உடைந்த தமிழில்.

“சவலை பாஞ்சிட்டான் மிஸ்ஸி,” என்றார் உம்மும்மா, மழை பெய்கிறது என்பது போல.

அடுத்த கிளினிக்கில் தம்பிக்கும் சேர்த்துத் திரிபோஷ கிடைத்தது. 1973இல் அமெரிக்க உதவியோடு, கெயார் நிறுவனத்தின் வழியாகத் தொடங்கிய திட்டம் அது. பிறகு ஜா-எலையில் தொழிற்சாலையே வந்தது. சோளமும் சோயாவும் கலந்த மா. கர்ப்பிணிக்கு, பாலூட்டும் தாய்க்கு, எடை குறைந்த பிள்ளைக்கு என்றுதான் கொடுப்பார்கள். உண்மையில் யார் தின்பது என்று இலங்கையில் வளர்ந்த எவரிடமும் கேளுங்கள். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தால், பள்ளிக்கூடத்தால் வந்த மூத்த பிள்ளைகள் அரைப் பைக்கற்றை முடித்துவிடுவார்கள். இதைக் களவு என்று நான் சொல்லமாட்டேன். புதுப் பிள்ளையின் பேரில் வந்த சாமான்களில் எங்களுக்கும் பங்கு கிடைத்தது அது ஒன்றில்தான்.

இந்தச் சோளத்துக்குப் பின்னால் வேறொரு கதை உண்டு. தங்கக் கடற்கரை என்று அப்போது அழைக்கப்பட்ட இன்றைய கானாவில் வேலை செய்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், 1933இல் ஒரு நோயைப் பற்றி எழுதினார். அடுத்த பிள்ளை வந்ததும் தாய்ப்பால் நின்று, வெறும் சோளக் கஞ்சியில் வளர்ந்த குழந்தைகளுக்குக் கை கால் வீங்கித் தோல் உரிந்தது. பிறந்ததைப் பார்க்க எல்லாரும் வந்தபோது, அதற்கு முன்பு பிறந்ததை அவர் பார்த்தார். சோளம் மட்டும் போதாது, புரதம் சேரவேண்டும் என்பது உலகத்துக்குத் தெரிய வந்த வழிகளில் அதுவும் ஒன்று. எங்கள் மிஸ்ஸி அவர் பேரைக் கேள்விப்பட்டிருப்பாரா என்று தெரியாது. மிஸ்ஸி செய்ததும் அதே வேலைதான்.

சின்னவன் பிறந்த ஏழாம் நாள் அகீகா. ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆடு சுன்னத். களப்பில் அந்த மாதம் வாப்பாவுக்குக் கிடைத்தது ஒரு ஆட்டுக்குத்தான் கண்டது, அதுவும் கூடும் என்று லெப்பை சொல்லிவிட்டார். இறைச்சியைப் பங்கு வைத்து, முஸ்லிம் வீடு, தமிழ் வீடு, சிங்கள வீடு என்று பார்க்காமல் அந்த ஒழுங்கை முழுவதும் கொடுத்தோம். ஒஸ்தா மாமா வந்து சின்னவனின் முடியை இறக்கினார். அந்த முடியின் எடைக்கு வெள்ளி விலையில் ஸதகா கொடுக்கவேண்டும். எல்லாரும் சுற்றி நின்று மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டிருக்க, தம்பி கூட்டத்துக்குள் நுழைந்து பலகையில் ஏறி உட்கார்ந்தான். தலையைக் குனிந்துகொண்டான். எழும்பு என்று சாச்சி இழுத்தார். எழும்பவில்லை.

“இரிக்கட்டும் புள்ள. மூத்த மாப்பிள்ளைக்கும் எறக்குவோம்,” என்றார் ஒஸ்தா மாமா. கத்தியைத் தீட்டி அவனுக்கும் மொட்டை அடித்தார். வாப்பா இரண்டு பேர் முடியையும் ஒரே கடதாசியில் சுற்றிக் கொண்டுபோய் நிறுத்துக் காசு கொடுத்தார். மார்க்கத்தில் அப்படி ஒன்று கிடையாது. உம்மும்மா முணுமுணுத்தார். அன்றைக்குப் பின்னேரம் தம்பி முதல் தடவையாகத் தொட்டிலுக்குக் கிட்டப் போய், சின்னவனின் மொட்டையையும் தன் மொட்டையையும் மாறி மாறித் தடவிப் பார்த்தான்.

அத்தோடு எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ஒரு வருடம் கழித்து, மத்ரஸாவில் கேட்ட யூசுஃப் நபியின் கதையை நான் வீட்டில் வந்து சொன்னேன். வாப்பாவின் செல்லப் பிள்ளையை நானாமார் கிணற்றில் போட்ட கதை. தம்பி கவனமாகக் கேட்டுவிட்டு, “அந்தக் கிணத்துல தண்ணி இருந்திச்சா?” என்றான். மறுநாளே எங்கள் கிணற்றுக்குப் பலகை மூடி வந்துவிட்டது.

இறால் தின்னாத அந்தத் தம்பிதான் பின்னாளில் இறால் பண்ணையில் வேலைக்குப் போனான். களப்புக் கரையெங்கும் குளம் வெட்டிய காலம். 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து குளங்கள் வெறுமையானதும் கட்டாருக்குப் போனான். சின்னவன் படித்தது அந்த ரியாலில்.

அதற்கு முன்னே 1990 அக்டோபரில், புலிகள் வெளியேற்றிய வடக்கு முஸ்லிம்கள் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் தங்கிய கிடுகுக் கொட்டில்களுக்கு உம்மும்மா சரக்குத் தூளோடு போவார், நானும் பின்னால் போவேன். வழியில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் இடுப்பில் இன்னொரு பிள்ளை இருக்கும். எட்டு வயதுக்காரிக்கு இடுப்பு ஒரு பக்கமாகவே சரிந்திருக்கும். அக்கா பாசம் என்று இதைப் பாட்டிலும் படத்திலும் புகழ்கிறார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சி பிடிப்பதில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பாசம் இருந்தது உண்மை, கை உளைந்ததும் உண்மை.

தாத்தாவுக்கு மூன்றாவது பிள்ளை கிடைத்தபோது அவர் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை. அப்போதைய சட்டத்தில் முதல் இரண்டு பிள்ளைக்கும் 84 நாள் பிரசவ லீவு, மூன்றாவதற்கு 42 நாள்தான். அதிலும் ஒரு பகுதி பிரசவத்துக்கு முந்திய நாட்களுக்குப் போய்விடும். ஆக, நாற்பது கழியுமுன்பே தாத்தா பஸ் ஏறினார். ஏற்கெனவே இரண்டு பெற்றவளுக்குப் பழக்கம்தானே என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கவேண்டும். வீட்டில் இருக்கும் மற்ற இரண்டும் அந்தக் கணக்கில் வரவே இல்லை. 2018இல்தான் அதைத் திருத்தி, எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் என்று ஆக்கினார்கள். மிகவும் பிந்தி வந்த திருத்தம், ஆனால் சரியான திருத்தம்.

பிள்ளை பார்க்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பேபி செரமி என்ற குழந்தைச் சாமான் பெட்டி அந்த வீட்டில் ஏற்கெனவே அடுக்கடுக்காக இருக்கும். உங்கள் பங்குக்கு இன்னொன்று வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு பந்து வாங்கிப் போங்கள். கதவடியில் நிற்கிற பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பிறகு உள்ளே போங்கள்.