ஜி00 சிவப்பாக இருக்கட்டும்

நாங்கள் இரண்டு பேர் ஒரே மெசினில் மாறி மாறி நிற்கிறோம். ஒருவருக்குப் பகல், மற்றவருக்கு இரவு. இருவரும் வன்னியில் ஓ.எல். உடன் படிப்பை விட்டவர்கள்.

இங்கு வந்த புதிதில் பக்ரறியில் பெட்டி அடுக்கினோம். பிறகு உலோகம் வெட்டும் சி.என்.சி. மெசினில் விட்டார்கள். அதற்கு எல்லாவற்றையும் வரிவரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஜி00 என்றால் வெட்டாமல் வேகமாக நகர். ஜி01 என்றால் சொன்ன வேகத்தில் வெட்டிக்கொண்டு போ. எம்03 என்றால் சுழலத் தொடங்கு.

ஒருநாள் ஜி01 வர வேண்டிய வரியில் ஜி00 என்று அடித்துவிட்டோம். கட்டர் முழு வேகத்தில் இரும்புக்குள் இறங்கி முறிந்தது. யார் செய்தது என்று சூப்பர்வைசர் கேட்டார். "நாங்கள்" என்றோம். இன்னொரு தடவை நடந்தால் இரண்டு பேருமே வர வேண்டாம் என்றார். அகதி வழக்கு முடியாத நேரம் அது. வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் காசும் அந்த ஒரு இலக்கத்தில் தொங்கின.

பக்கத்து மெசின்காரர்தான் நோட்பாட் பிளஸ் பிளஸைக் காட்டினார். 2003ஆம் ஆண்டு முதன்முதல் வெளிவந்தது, காசு கட்டத் தேவையில்லை. அதில் எங்களுக்கு வேண்டிய மொழியை நாங்களே அமைத்துக்கொள்ள இடம் உண்டு. இது படித்தவர்களின் வேலை என்று பயந்தோம். அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. ஒரு சொற்பெட்டியில் ஜி00 எழுதிச் சிவப்பு கொடுத்தோம். அடுத்ததில் ஜி01, பச்சை. எம் கட்டளைகளுக்கு நீலம். அடைப்புக்குறிக்குள் எழுதும் குறிப்புகளுக்குச் சாம்பல். ஜி00உம் எக்ஸும் ஒட்டி எழுதப்பட்ட இடங்களில் நிறம் வரவில்லை. 'பிரிபிக்ஸ் மோட்' என்ற கட்டத்தில் சரி போட்டதும் வந்தது. மெசினுக்கு இந்த நிறம் போவதில்லை, அது எங்கள் கண்ணுக்கு மட்டுந்தான்.

நிறம் எல்லாப் பிழையையும் பிடிக்காது. எங்கள் மெசினில் 10க்குப் பின்னால் புள்ளி வைக்க மறந்தால் அது 10 மில்லிமீற்றர் அல்ல, 0.01 மில்லிமீற்றர். ஆகவே புதிதாக எழுதியதை முதலில் 'சிங்கிள் புளொக்'கில் போட்டு, ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்க்கிறோம். அதன்பின் எங்கள் கையால் கட்டர் முறியவில்லை.

அமைத்ததை 'எக்ஸ்போர்ட்' செய்தால் ஒரு சிறிய கோப்பாக வரும். அண்மையில் வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவருக்கு அதைக் கொடுத்தோம்.

"அண்ணை, இதுக்கு என்ன படிச்சிருக்க வேணும்?" என்று கேட்டார்.

"ஒரு கட்டர் முறிச்சிருக்க வேணும்" என்றோம்.

புதிதாக வந்திருக்கும் நீங்கள் முறிக்காமலே தொடங்கலாம்.