முன்பணம் கட்டும் முன்: மலாக்காவில் பழைய வீடு தேடி

மலாக்கா ஆற்றைக் கடந்து, கூட்டம் மொய்க்கும் ஜோங்கர் தெருவை விட்டு ஒரு தெரு தள்ளி நடந்தால் துன் டான் செங் லோக் சாலை வரும். டச்சுக்காரர் காலத்து ஹீரன் தெரு அதுதான். அங்கே 8ஆம் எண் வீட்டில் பளபளப்பு எதுவும் கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் கட்டிய சின்ன மாடிக் கடைவீடு. பாடான் வாரிசான் மலேசியா என்ற மரபுடைமை அமைப்பு இதை 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சீரமைத்து, பழைய வீட்டை எப்படிப் பழுதுபார்க்க வேண்டும் என்பதற்கு மாதிரியாக ஆக்கியது.

பழைய வீடு வாங்கிப் புதுப்பிக்க நினைப்பவர்கள் இந்தத் தெருவிலிருந்தே தொடங்கலாம். இங்குள்ள பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தவை. அவை நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு வழியே அந்த ஈரம் வெளியேறிவிடும். அழகுக்காக மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பெயரும். புதுச் சாயம் அடித்த வீட்டில் இது பார்க்கப் போன அன்று தெரியாது. குடிபோன பிறகு, நல்ல மழைக்குப் பின் தெரியும்.

அருகிலேயே ஜாலான் துக்காங் எமாஸ். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் இங்கேதான் இருக்கிறது. 2008 ஜூலையில் ஜோர்ஜ்டவுனுடன் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பகுதி இது. இந்த எல்லைக்குள் முகப்பு, கூரை, உயரம் எதையும் நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. வாங்கிய பிறகு மாடி எடுத்து விருந்தினர் விடுதி நடத்தலாம் என்று கணக்குப் போட்டவருக்கு அந்தக் கணக்கே தப்பாகிவிடும்.

சரி, கட்டடக் கலைஞரை எப்போது அழைப்பது? நம்மில் பலர் சாவி கைக்கு வந்த பிறகுதான் அழைக்கிறோம். என் அக்கா குடும்பமும் அப்படித்தான் செய்தது. ஜாசின் வட்டாரத்துத் தாமான் ஒன்றில் வரிசை வீடு. பின்னால் பெரிய சமையலறை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அக்காவுக்கு வீடே பிடித்தது. வாங்கிய பிறகு வந்த கட்டடக் கலைஞர் இரண்டு விஷயங்களைக் காட்டினார். அந்தச் சமையலறைக்கு அனுமதி பெற்ற வரைபடம் இல்லை. அதைக் கட்டுவதற்காக இடித்த பின்சுவர், மாடியைத் தாங்கிய சுவர். மேலே படுக்கையறையில் ஓடிய விரிசலுக்குக் காரணம் அதுதான். விற்றவரிடம் கேட்கவும் வழியில்லை; ‘இருக்கும் நிலையிலேயே’ வாங்குவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. புது அறைக்கு ஒதுக்கிய பணம் இரும்பு உத்திரத்துக்குப் போனது.

மேம்பாட்டாளரிடம் வாங்கும் புது வீட்டுக்குக் குறைகளைச் சரிசெய்து தர 24 மாத உத்தரவாதம் உண்டு. பழைய வீட்டுக்கு அது கிடையாது. ‘வங்கிதான் மதிப்பீட்டாளரை அனுப்புகிறதே’ என்று அத்தான் அப்போது சொன்னார். மதிப்பீட்டாளர் பார்ப்பது விலையை. எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்பதை அல்ல.

வழக்கமாக முகவரிடம் 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் கட்டுகிறோம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது அது 10 விழுக்காடாகிறது. அதன்பின் நாம் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். ஆகவே கட்டடக் கலைஞரை அழைக்க வேண்டியது அந்த முன்பணத்துக்கு முன். பார்த்த வீட்டுக்கெல்லாம் அழைக்க வேண்டாம். விலை, இடம், பள்ளிக்கூடத் தூரம் எல்லாம் ஒத்துவந்து, இதுதான் என்று மனத்தில் பட்ட ஒரு வீட்டுக்கு அழையுங்கள். அதற்குள் வேறொருவர் வாங்கிவிடுவார் என்று முகவர் அவசரப்படுத்தினால், அவர் வந்து பார்ப்பதை நிபந்தனையாக எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.

அவரிடம் வரைபடம் கேட்க வேண்டாம். நான்கு கேள்விகள் போதும். எந்தச் சுவரை இடிக்கலாம், எதை இடிக்கக் கூடாது? ஈரம், கரையான், கூரை எந்த நிலையில் இருக்கின்றன? இழுத்துக் கட்டிய பகுதிக்கு அனுமதி உண்டா? நாம் நினைக்கும் மாற்றத்தை மாநகர் மன்றமோ நகராண்மைக் கழகமோ ஏற்குமா, தோராயமாக என்ன செலவாகும்? விரிசல் பெரிதாக இருந்தால் பொறியாளரையும் அழைக்கச் சொல்வார். இந்த வருகைக்கான கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். அவர் மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு பெற்றவரா என்றும் பாருங்கள். நிலப்பட்டாவைப் பார்ப்பது வழக்கறிஞர் வேலை. மலாக்காவில் அது இன்னும் முக்கியம். இங்கே சில நிலங்கள் ‘மலாக்கா வழக்கநிலம்’ என்ற கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை.

சாயம் அடிக்க, கதவு மாற்ற மட்டும் என்றால் நல்ல குத்தகையாளரே போதும். சுவர், கூரை, மாடிப்படி, பின்கட்டு இவற்றில் கைவைப்பதாக இருந்தால்தான் இத்தனையும்.

ஜாசினிலிருந்து அசகான் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் தோட்டம். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட டான் சாய் யான், அடுத்துப் பெருந்தோட்டம் போட்டது புக்கிட் அசகானில்தான். இப்படிப்பட்ட தோட்டங்களில் பால் வெட்டிய நம் தாத்தா பாட்டிகள் லயத்து வீடுகளில் வாழ்ந்து முடித்தார்கள். வேலை போனால் வீடும் போகும். அக்காவின் மாமியார் அப்படி ஒரு லயத்தில் பிறந்தவர். அந்த விரிசலை அண்ணாந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “தோட்டத்துல சுவரு வெடிச்சா ஆபீஸுல போயிச் சொல்லுவோம். இங்க யாருகிட்டடா சொல்றது?”

போன ஆண்டு தம்பி வீடு பார்க்கத் தொடங்கியபோது அக்காதான் முந்திக்கொண்டு கட்டடக் கலைஞருக்குப் போன் போட்டார். முதலில் பிடித்திருந்த வீட்டை அவர் வேண்டாம் என்றார். தம்பிக்குச் செலவானது ஒரு வருகைக் கட்டணம். முன்பணம் அவன் கையிலேயே இருந்தது. இரண்டு மாதம் கழித்து வேறு வீட்டுக்கு அதைக் கட்டினான்.