இரண்டு தோல்விகள், இரண்டு கணக்குகள்

பருவத் தொடக்கத்தில் ஒரு குழுவை எடைபோடுவது அவசரக்காரர் வேலை என்பார்கள். ஆனால், இரசிகனுக்குப் பொறுமை ஏது? முதல் ஆட்டம் முடிந்த கையோடு, "இந்த வருசம் தேறுமா, தேறாதா?" என்று மாமாக் கடையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

நான் ரவாங்கில் பிறந்து வளர்ந்தவன். எனக்குச் சிலாங்கூர்தான் குழு. 33 முறை மலேசியக் கிண்ணத்தை வென்ற குழு என்ற பெருமை ஒருபுறம், 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் கோல் காத்த குழு என்ற சொந்தம் மறுபுறம். 1988இல் அவர் சாலை விபத்தில் இறந்தபோது என் அப்பாவுக்குப் பள்ளி வயது. இன்றும் யாராவது கோல் காவலர் பந்தைத் தவறவிட்டால், "ஆறுமுகமா இருந்தா புடிச்சிருப்பாரு" என்பார்.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த என்னையே தீர்ப்புச் சொல்ல முடியாமல் திணற வைத்தது 2024–25 பருவத்தின் தொடக்கம். அதற்கு முந்திய 2023 பருவத்தில் சிலாங்கூர் சூப்பர் லீக்கில் இரண்டாம் நிலையைப் பிடித்திருந்தது. நிஜாம் ஜமில் பயிற்றுநராகப் பொறுப்பேற்றிருந்தார். ஷா ஆலாம் அரங்கம் மூடப்பட்டுவிட்டதால், கெளானா ஜெயா அரங்கமே சொந்தத் திடல். ரவாங்கிலிருந்து கொமுட்டரில் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து எல்.ஆர்.டி. என்று நாங்களும் பயணத் திட்டத்தோடு காத்திருந்தோம்.

மே 5ஆம் நாள், பெட்டாலிங் ஜெயாவிலுள்ள ஒரு பேரங்காடியில் பைசால் ஹாலிம் மீது அமிலம் வீசப்பட்டது. அதே ஆண்டு ஜனவரி 25இல், ஆசியக் கிண்ணத்தில் தென்கொரியாவுக்கு எதிராகக் கோல் போட்டு, 3–3 என்ற சமநிலைக்குக் கைகொடுத்த அதே பைசால்தான். கடுமையான தீக்காயங்கள், அடுத்தடுத்து அறுவைச் சிகிச்சைகள். அந்த வாரத்தில் அக்யார் ரஷிட், சபிக் ரஹிம் என வேறு இரு ஆட்டக்காரர்களும் தாக்குதலைச் சந்தித்தனர்.

மே 10ஆம் நாள், ஜொகூர் டாருல் தக்சிமுடன் சுல்தான் ஹாஜி அகமட் ஷா கிண்ண ஆட்டம். பருவத்தைத் தொடங்கி வைக்கும் ஆட்டம் அது. அதைத் தள்ளி வைக்கும்படி சிலாங்கூர் கேட்டது. லீக் நிர்வாகம் இணங்கவில்லை. சிலாங்கூர் ஜொகூருக்குப் போகவில்லை. ஆடாத ஆட்டத்தில் ஜொகூருக்கு 3–0 வெற்றி வழங்கப்பட்டது. பின்னர் அபராதமும் வந்தது.

எங்கள் நண்பர்கள் கூட்டமே இரண்டாகப் பிரிந்தது. "விதின்னா விதிதான்டா. டிக்கெட் வாங்கினவன் என்ன பாவம் செஞ்சான்? ஆளாளுக்கு வரமாட்டேன்னா லீக்கை எப்படி நடத்துறது?" என்று கேட்டான் ஒருவன். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால், சக ஆட்டக்காரன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது, மற்றவர்கள் அச்சத்தோடு காலணி மாட்டிக்கொண்டு ஓடுவதை எப்படி விளையாட்டு என்பது? விலை தெரிந்தே அந்தக் குழு வீட்டில் இருந்தது. அந்தப் பருவத்தின் முதல் நல்ல முடிவு அதுதான் என்றேன். இன்றும் அதையே சொல்வேன்.

பிறகு ஆகஸ்டு 24 வந்தது. புக்கிட் ஜாலிலில் எஃப்ஏ கிண்ண இறுதியாட்டம். எதிரே மீண்டும் ஜொகூர். 6–1 எனத் தோற்றோம். "பாவம், பைசாலுக்கு அப்படி ஆனதுக்கு அப்புறம் இவங்க என்ன செய்வாங்க?" என்று அனுதாபக் குரல்கள் எழுந்தன. இந்த முறை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இது திடலில் ஆடித் தோற்ற ஆட்டம். 2014 முதல் 2023 வரை தொடர்ந்து பத்து முறை லீக்கை வென்ற ஜொகூருக்கு, மாற்று ஆட்டக்காரர்களே இன்னொரு முழுக்குழு. அந்த ஆழம் நம்மிடம் இல்லை. அதை ஒத்துக்கொள்ளாமல் பைசாலின் காயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால், அது அவருக்கும் மரியாதை இல்லை. குழுவுக்கும் நன்மை இல்லை.

இப்படிப் பிரித்துப் பார்க்க எனக்குக் கற்றுத் தந்தவர் ஓர் ஆசிரியை. தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் ஆண்டில், வரலாற்றுப் பாடத்தில் எனக்குப் புள்ளிகள் குறைவு. "தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்க இப்படித்தான்" என்று சிலர் முடிவு கட்டினார்கள். "ஐயோ பாவம்" என்று வேறு சிலர் இரக்கப்பட்டார்கள். அந்த ஆசிரியை மட்டும் என் விடைத்தாளில், மலாய்மொழியால் போன புள்ளிகளை ஒரு நிறத்திலும், பாடம் தெரியாமல் போன புள்ளிகளை வேறு நிறத்திலும் குறித்துக் கொடுத்தார். முதலாவது, நாள் செல்லச் சரியாகும். இரண்டாவதற்கு நான்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது அப்போது புரிந்தது. இகழ்ச்சியும் இரக்கமும் செய்யாத உதவியை அந்த இரண்டு நிறங்கள் செய்தன.

பைசால் அந்தப் பருவத்திலேயே மீண்டும் களமிறங்கினார். 2025 ஏப்ரலில் லீக் முடிந்தபோது, கிண்ணம் மறுபடியும் ஜொகூருக்கு. இரண்டாம் நிலை மறுபடியும் சிலாங்கூருக்கு. ஏடுகளில் 0–3, 1–6 இரண்டுமே தோல்விகளாகத்தான் பதிந்திருக்கும். என் கணக்கில் முதலாவது, குழு சேர்த்து வைத்த மானம். இரண்டாவது, திடலில் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். கடனை அடைக்கும் நாளில் அரங்கத்தில் நானும் இருக்க வேண்டும்.