எனேபிள்டு, ஆனால் நாட் ஆக்டிவ்

விண்டோஸ் 11 போடலாமா என்று சோதித்தபோது, செக்யூர் பூட் இல்லை என்று எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கைவிரித்துவிட்டது. டெலீட் விசையைத் தட்டி பயாஸுக்குள் போனால், ‘செக்யூர் பூட்: எனேபிள்டு’ என்றிருந்தது. அதன் கீழேயே ‘நாட் ஆக்டிவ்’. அசெம்பிள் செய்து தந்த தம்பியைக் கேட்டேன். “ஆன்லதான் சார் இருக்கு, விட்டுடுங்க” என்றார். ஆனில் இருப்பது ஏன் ஓடவில்லை? அந்த மெனுவின் ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

முதல் துப்பு ‘சிஎஸ்எம்’. புதிய யுஇஎஃப்ஐ போர்டை, பழைய பயாஸ் போல நடிக்க வைக்கும் ஏற்பாடு அது; அது ஆனில் இருந்தால் செக்யூர் பூட் ஓடாது. பழைய டிஸ்க்கை அப்படியே மாட்டியிருந்ததால் சிஎஸ்எம் தேவைப்பட்டிருக்கிறது. டிஸ்க்கின் பகிர்வு முறை எம்பிஆர். 1983-ல் ஐபிஎம் பிசி எக்ஸ்டியும் டாஸ் 2.0-வும் வந்த காலத்தது. அதில் பயாஸின் வேலை இவ்வளவுதான்: டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படி. கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்றிருந்தால் ஓட்டு. எழுதியவர் யார் என்று பயாஸ் கேட்காது.

இந்தக் கேள்வி கேட்காத குணம்தான் வைரஸுக்கு வழிவிட்டது. 1986-ல் லாகூரைச் சேர்ந்த இரு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’, ஃபிளாப்பியின் பூட் செக்டாரில் போய் உட்கார்ந்துகொண்டது. உள்ளே தங்கள் முகவரியையும் போன் நம்பரையும்கூட எழுதி வைத்திருந்தார்கள். இயங்குதளம் எழும் முன்பே வைரஸ் எழுந்துவிட்டால், பிறகு வரும் ஆன்டிவைரஸ் அது காட்டுவதைத்தான் பார்க்கும்.

ஆக, முதல் நிரலிலிருந்தே டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-லேயே இப்படி ஓர் அமைப்பை முன்வைத்திருந்தார்கள். 2011-ல் வந்த யுஇஎஃப்ஐ 2.3.1-இல் இத்தகைய சோதனை செக்யூர் பூட் என்ற பெயரில் இடம்பெற்றது. 2012-ல் விண்டோஸ் 8 லோகோ ஒட்டி விற்கும் பிசிக்களுக்கு மைக்ரோசாஃப்ட் அதைக் கட்டாயமாக்கியது. லினக்ஸை வெளியே தள்ளிவிடுமே என்று அப்போது லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டில் இருந்த மேத்யூ கேரட் முதலானோர் குரல் எழுப்பினார்கள். சாதாரண பிசிக்களில் அதை அணைக்கவும், கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவிகளை மாற்றவும் உரிமையாளருக்கு வழி இருக்க வேண்டும் என்று லோகோ விதிகளில் எழுதப்பட்டது. என் மெனுவில் ‘கஸ்டம்’ என்ற வரி இருப்பதற்கு அந்த விதிதான் காரணம்.

எங்கள் கோளாறும் சாவியில்தான் முடிந்தது. செக்யூர் பூட்டில் சாவிகள் அடுக்கடுக்காக இருக்கும். உச்சியில் பிகே, போர்டு தயாரிப்பாளருடையது. அதன் கீழே கேஇகே. அதற்கும் கீழே டிபி, டிபிஎக்ஸ் என்று அனுமதி, தடைப் பட்டியல்கள். பிகே காலியாக இருந்தால் போர்டு ‘செட்டப் மோட்’டிலேயே நிற்கும், எதையும் சரிபார்க்காது. எங்கள் போர்டில் பிகே காலி.

பேக்கப் எடுத்தேன். டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொண்டேன். பூட் அமைப்பை மாற்றினால் பிட்லாக்கர் அதைக் கேட்கக்கூடும். விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கட்டளையால் டிஸ்க்கின் பகிர்வு முறையை எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாற்றினேன். பிறகு சிஎஸ்எம்மை அணைத்து, ‘ரீஸ்டோர் ஃபேக்டரி கீஸ்’ கொடுத்தேன். ‘யூசர் மோட், ஆக்டிவ்’ என்று வந்தது.

அதோடு விடாமல், பிகேயில் யார் பெயர் இருக்கிறது என்றும் பார்த்தேன். காரணம் உண்டு. ‘டூ நாட் டிரஸ்ட்’ என்று பெயரிலேயே எழுதியிருந்த, பயாஸ் தயாரிப்பு நிறுவனமான ஏஎம்ஐயின் சோதனைச் சாவியோடு நூற்றுக்கணக்கான மாடல்கள் விற்பனைக்கு வந்திருப்பதை 2024-ல் பைனார்லி நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த மாடல்களிலும் திரையில் ‘ஆக்டிவ்’ என்றுதான் இருக்கும். எங்கள் போர்டில் தயாரிப்பாளர் பெயரே இருந்தது. இனி கவனிக்க வேண்டியது டிபியை. அதிலுள்ள 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகத் தொடங்குகின்றன. 2023-ஆம் ஆண்டின் புதியவை விண்டோஸ், பயாஸ் அப்டேட்டுகளில் வருகின்றன. பயாஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடும் பழக்கத்தை எங்கள் வீட்டில் நிறுத்தியாயிற்று.